தாயின் வழக்கும் மகனின் பாட்டும்

அமெரிக்க நாட்டில் 2023 ஏப்பிரல் திங்களில் ஐந்து பகுதிகளாக ஒரு தொலைக்காட்சி ஆவணத்தொடர் வெளிவந்தது. 'அன்புள்ள அம்மா' என்று தமிழிற் சொல்லத்தக்க பெயருடைய அத்தொடர், துபாக்கு சக்கூர் என்னும் கருப்பினச் சொல்லிசைப் பாவலனையும் அவன் தாய் அபேனி சக்கூர் அம்மையாரையும் பற்றியது. எடுத்தவர் ஆலன் இயூசு என்னும் திரைப்பட இயக்குநர். மகன் 1996 செபுத்தம்பரில், தன் 25-ஆம் அகவையிற் சுட்டுக் கொல்லப்பட்டான். தாய் 2016 மே திங்களில் மறைந்தார். இருவரும் இல்லாத காலத்தில் இருவர் வாழ்வையும் ஒரே நூலிற் கோத்துக் காட்டுகின்றது அத்தொடர்.

தமிழ் காக்கப் புகுந்த இதழுக்கும் அமெரிக்கப் பாட்டுக்காரனுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். அன்னார் ஒருமுறை அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிப் பக்கமாகக் கரிசற்காட்டு ஊர்களுக்குட் சென்று பார்ப்பாராக. வானம் பார்த்த நிலத்தில் பருத்தியும் மிளகாயும் பொய்த்த ஆண்டுகளிற் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குமாரலிங்கபுரம் போன்ற ஊரிலுங்கூட, ஓர் இளைஞனின் மேற்சட்டையில், தலையில் துணி கட்டிய அக்கருப்பிளைஞனின் முகம் அச்சிடப்பட்டிருக்கக் காணக்கூடும். அம்முகத்தின் பெயர் அவ்விளைஞனுக்குத் தெரியும். பெயரின் பொருள் தெரியாது. அப்பெயரை இட்டவர் யாரென்பதும், எந்நிலையில் இட்டார் என்பதும் தெரியா. விற்றவன் முகத்தை மட்டும் விற்றான். வாங்கியவன் முகத்தை மட்டும் வாங்கினான். முகத்துக்குப் பின்னிருந்த தாயைக் காட்டுவதால்தான் இத்தொடர் தமிழர் கண்ணுக்கும் உரியதாகின்றது.

'சொல்லிசை' என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒன்று சொல்லிச் செல்லலாம். ஆங்கிலத்தார் 'ராப்' என்பதை இளைஞர் சிலர் சொல்லிசை என்று வழங்குகின்றனர். பண் பின்னிற்க, தாளத்தின்மேற் சொல் முன்னிற்பதாகலின் மிகப் பொருந்திய ஆக்கம் அது. 1970-களில் நியூயார்க்கு நகரின் பிராங்சுப் பகுதியில், ஏழைக் கருப்பின மக்களிடையே அது முளைத்தது. கரிசற்காட்டில் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் கிழவி, இறந்தவன் அருமையைச் சொல்லும்போதே, அவனைப் பட்டினி போட்ட பங்காளியையும், கடனுக்குக் கழுத்தை நெரித்த வட்டிக்காரனையும் அவர்கள் எதிரிலேயே சொல்லாற் சுடுவதைக் கேட்டவர்க்குச் சொல்லிசை புதுமையாகத் தோன்றாது. எழுதி வைத்துப் பாடுவதன்று அது. நெஞ்சு கொதிக்கும்போது வாயில் வருவது. இன்று அவ்வொப்பாரிக்கும் ஒலிபெருக்கியோடு கூலிக்கு ஆள் வருகின்றது என்பது வேறு செய்தி.

இனித் தாயின் கதை.

1947 சனவரியில் வடகரோலினா மாநிலத்து இலம்பர்டன் என்னும் ஊரிற் பிறந்த அப்பெண்ணுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆலிசு பேயி வில்லியம்சு. இளமையிலேயே தாயோடும் தமக்கையோடும் நியூயார்க்கு வந்து சேர்ந்தார். 1968-இல், கருஞ்சிறுத்தைகள் கட்சியின் ஆர்லெம் பிரிவிற் சேர்ந்தார். பசித்த பள்ளிப் பிள்ளைகட்குக் காலை உணவு கொடுப்பதும், மருத்துவமனைகளில் ஏழையர்க்காக வாதாடுவதும், இடிந்த வீடுகளிற் குடியிருப்போரை ஒன்று திரட்டுவதும் அக்கட்சியார் செய்த பணிகள். கையில் துமுக்கி ஏந்தி நின்றதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1969 ஏப்பிரலில் அக்கட்சியின் நியூயார்க்குக் கிளையினர் 21 பேர்மேற் கடைத்தெருக்களையும் காவல்நிலையங்களையும் வெடிவைத்துத் தகர்க்கச் சூழ்ச்சி செய்தனர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அபேனிக்கு அப்போது அகவை 22. பிணைத்தொகை ஓரிலக்கம் தாலர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட சிறை.

அவர் வழக்குரைஞரை வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் பயிலாத அவ்விளம்பெண் தம் வழக்கைத் தாமே வாதிட்டார். பிணையில் வெளிவந்திருந்தபோது கருவுற்றார். உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் தப்பியோடியதால் 1971-இல் அவர் பிணை நீக்கப்பட்டது. வயிற்றுப் பிள்ளையோடு மீண்டும் சிறை புகுந்தார். அச்சிறையில் நாளுக்கு ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் பெறுவதற்கே அவர் மன்றத்தின் ஆணையை வேண்டிப் பெற வேண்டியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு முட்டை! கட்சிக்குள் ஒற்றனாகப் புகுந்து பழகிய காவற்காரன் ஒருவன் கூண்டிலேறிச் சான்று சொன்னபோது, அபேனி தாமே எழுந்து அவனைக் குறுக்குக் கேள்வி கேட்டார். தாம் கொலை செய்ததையோ வெடி வைத்ததையோ அவன் கண்டதுண்டா என்பது கேள்வி; கண்டதில்லை என்பது விடை. மருத்துவமனையிலும் பள்ளியிலும் தெருவிலும் தாம் செய்த தொண்டைக் கண்டதுண்டா என்பது அடுத்த கேள்வி. கண்டதுண்டு என்று அவன் ஒத்துக்கொண்டான். அரசின் சான்றாளி வாயிலிருந்தே தம் குற்றமின்மையை அவர் வரவழைத்தார். ஏறத்தாழ எட்டுத் திங்கள் நடந்த அவ்வழக்கில், இறுதி வரை நின்ற 13 பேரும் 1971 மே திங்களில், 156 குற்றச்சாட்டுகளினின்றும் விடுவிக்கப்பட்டனர். அடுத்த திங்கள், சூன் 16-ஆம் நாள், மகன் பிறந்தான்.

பிறந்தபோது அவனுக்கு வேறொரு பெயர் இருந்தது. பின் தாய் அதை மாற்றித் துபாக்கு அமரு சக்கூர் என்று இட்டார். தமிழ்ப்பற்றுள்ளோர் நின்று எண்ண வேண்டிய இடம் இது.

துபாக்கு அமரு என்பது தென்னமெரிக்க இன்கா மக்களின் கெச்சுவா மொழிப் பெயர். ஒளிரும் பாம்பு என்பது பொருள். அப்பெயருடைய கடைசி இன்கா அரசனை இசுப்பானியர் 1572-இல் தலை துணித்தனர். இருநூறாண்டு கழித்து அம்மரபில் வந்த ஒருவர், தமக்கு இசுப்பானியர் வழக்கில் இருந்த பெயரை ஒதுக்கி, அப்பழம்பெயரைச் சூடிக்கொண்டு 1780-இற் கிளர்ந்தெழுந்தார். அவர் மனைவி மிக்கேலா பசுத்திதாசு அப்போரில் உணவும் படைக்கலமும் ஆளும் திரட்டி, ஆணையும் பிறப்பித்த படைத்தலைவி. 1781 மே 18-ஆம் நாள், குசுக்கோ நகர வெளியில், கணவர் காண மனைவியையும் மூத்த மகனையும் கொன்று, பின் அவரையும் கொன்றனர். இளைய மகனை அக்கொடுமையைக் காணச் செய்தனர். அதன்பின் இசுப்பானிய ஆட்சி என்ன செய்தது? அம்மக்களின் உடையைத் தடுத்தது. அவர்களின் மொழியையும் தடுத்தது. தலையை வெட்டியவன் அடுத்ததாக நாவைத் தேடினான். ஆள்பவனுக்கு மொழியின்மேல் உள்ள அச்சம், மொழிக்குரியவனுக்கு மொழிமேல் உள்ள அன்பைவிடப் பெரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அபேனி தம் பெயரையும் மாற்றிக்கொண்டவரே. அபேனி என்பது ஆப்பிரிக்காவின் யோருபா மொழிச் சொல். மக்கள்மேல் அன்புடையவள் என்று அவர் பொருள் கூறுவார். சக்கூர் என்பது அரபுச் சொல். கணவர் குடும்பத்தார் பூண்டது. யோருபா, அரபு, கெச்சுவா என ஒரு வீட்டில் மும்மொழிப் பெயர்கள். மூன்றும் அவர்கள் வீட்டிற் பேசிய மொழியல்ல. ஏன் இந்நிலை? கப்பலிற் கட்டிக் கொண்டுவரப்பட்ட அவர்தம் முன்னோர் எம்மொழி பேசினர் என்பதே அவர்கட்குத் தெரியாமற் செய்யப்பட்டது. தாய்மொழிப் பெயர் களையப்பட்டு ஆண்டையின் பெயர் ஒட்டப்பட்டது. அவ்வொட்டைப் பிய்த்தெறிந்தபின் தமக்கென்று எடுத்துக்கொள்ள அவர்கள் கையில் ஒரு சொல்லும் இல்லை. ஆகலின், ஒடுக்கப்பட்ட பிறர் மொழியினின்று பெயர்களைக் கடன் வாங்கினர். அது வறுமைதான், ஆயினும் மானமுள்ள வறுமை.

தமிழனுக்கு அவ்வறுமை இல்லை. சூரியநாராயணர் பரிதிமாற் கலைஞர் ஆனதற்கும், வேதாசலம் மறைமலை ஆனதற்கும் கடல் கடந்து சொல் தேட வேண்டியிருக்கவில்லை; வீட்டுக் குதிரிலேயே நெல் இருந்தது. இந்நாட்டுக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டுமென்று 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கி, 76 நாள் உண்ணாதிருந்து அக்குதோபர் 13-இல் உயிர் நீத்த சங்கரலிங்கனார், இதே கரிசற்சீமையின் விருதுநகரார். ஒரு பெயருக்காக ஒரு கிழவர் வயிற்றைக் காயப்போட்டுச் செத்த மண்ணில், இன்று குமாரலிங்கபுரத்துத் தாயொருத்தி பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கணியனிடம் போகின்றாள். அவன் வடவெழுத்தொன்றைக் குறித்துக் கொடுக்கின்றான். வீட்டிலுள்ள பாட்டியால் ஒலிக்கவே முடியாத பெயரொன்று பிள்ளைமேல் விழுகின்றது. பாட்டி அதைத் தன் வாய்க்கேற்பத் திருத்திக் கூப்பிட்டால், படித்த பேரன் சிரிக்கின்றான். பொருள் கேட்டால் மூவருக்கும் தெரியாது. அப்பேரனின் சட்டையில்தான் துபாக்கின் முகம்.

மகனின் கதைக்கு வருவோம். வறுமையும் வீடு மாறலுமாக வளர்ந்தவன், 1980-களின் நடுவிற் பால்டிமோர் நகரக் கலைப்பள்ளியிற் பாட்டும் நடிப்பும் ஆடலும் பயின்றான். 1988-இற் கலிபோர்னியா சென்றான். அக்காலத்தில் தாய் வெறியப்பொருளுக்கு அடிமையாகிக் கிடந்தார். மன்றத்தில் அரசையே எதிர்த்து வென்ற பெண், தெருமுனையில் விற்ற வெண்பொடிக் கட்டிக்குத் தோற்றார். இயக்கம் சிதைந்தபின் இயக்கத்தாரை யார் காத்தனர்? ஒற்றராலும் வழக்குகளாலும் உட்பகையாலும் கட்சி சிதறிப்போனபின், கையிற் பிள்ளைகளோடும் வேலையின்றியும் நின்ற ஒருத்திக்கு நேர்ந்தது அது. 1990-களின் தொடக்கத்தில் அவர் தம் முயற்சியால் மீண்டார். 1995-இல் மகன் வெளியிட்ட 'அன்புள்ள அம்மா' என்னும் பாட்டு, தாயின் அவ்வீழ்ச்சியை மறைக்காமற் சொல்லி, அதன்பின்னும் அவரைப் போற்றுகின்றது. அதன் ஆற்றல் அங்கேதான் உள்ளது. பொய்யாகத் தாயைத் தெய்வமாக்கும் பாட்டுகள் எந்நாட்டிலும் மலிவு. அப்பாட்டை 2010-இல் அமெரிக்கப் பேராயத்தின் நூலகம் நாட்டின் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

அவன் குற்றமற்றவன் அல்லன். பாட்டுகள் பலவற்றில் இழிசொற்கள் மண்டிக் கிடக்கின்றன. வகுப்பறையில் வைத்துச் சொல்லத்தக்கன சிலவே. ஏமாற்றப்பட்ட பேதைச் சிறுமிக்காகவும் தனித்துப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்காகவும் உருகிப் பாடிய அதே வாய், பிற பாட்டுகளிற் பெண்ணை இழித்தது. பெண்ணொருத்திக்கு இழைத்த பாலியல் வன்முறைக்காக 1995-இல் மன்றம் அவனுக்குச் சிறைத்தண்டம் விதித்தது. அவன் சிறையிலிருந்தபோதே அவன் பாட்டுத்தொகை விற்பனையில் நாட்டின் முதலிடம் பெற்றது. இவற்றைச் சொல்லாமல் அவனை மாவீரன் என்று சட்டையிற் போட்டுக்கொள்வது பேதைமை; இவற்றை மட்டும் சொல்லி அவனைத் தள்ளிவிடுவதும் நேர்மையன்று.

தொடரை எடுத்த இயக்குநர் இவ்வகையிற் பாராட்டுக்குரியவர். படமொன்றினின்று தன்னை நீக்கினார் என்று சினந்து, 1993-இல் துபாக்கும் கூட்டாளிகளும் அந்த ஆலன் இயூசையே அடித்தனர். அதற்காக 1994-இல் துபாக்குக்கு 15 நாட் சிறை. அடி வாங்கியவரே முப்பதாண்டு கழித்து அடித்தவன் வாழ்வைப் படமெடுக்க அழைக்கப்பட்டார். தாயின் வாழ்வும் ஒத்த அளவில் இருத்தல் வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்ட முறையால், மகனுடைய 1990-களும் தாயுடைய 1960-களும் மாறி மாறி வருகின்றன. மகனின் சினம் எவ்விடத்திற் பற்றிய தீ என்பது பார்ப்போர்க்குத் தானே விளங்குகின்றது. அபேனியின் தமக்கை, துபாக்குக்குப் பெரியம்மா, அமர்ந்து பழங்கதை சொல்கின்றார். அறிஞர் பலர் சொல்வதினும் அவ்வம்மையார் சொல்வது நெஞ்சிற் பதிகின்றது. தமிழ்நாட்டில் ஒரு தலைவருக்கு வாழ்க்கைப் படம் எடுத்தால், அவர் கருவிலிருந்தே கொள்கை பேசியவராகவும், தவறே செய்யாதவராகவும், தாயென்பவள் திலகமிட்டு வழியனுப்பிவிட்டு மறைபவளாகவும் அமைந்துவிடுவதை நோக்க, இத்தொடரின் பெருமை புலனாகும்.

தமிழரிடையே இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. ஈழத்தவரான மாதங்கி அருட்பிரகாசம், 1975-இல் இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் ஏதிலியாகத் தாயோடு மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். தந்தை ஈழப் புரட்சி அமைப்பைத் தோற்றுவித்தவருள் ஒருவர். வீட்டிலிருந்ததைவிட வெளியிலிருந்ததே மிகுதி. தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் தாய் கலா. சொல்லிசைப் பாடகியாகிய மகள், 2005-இல் முதற்பாட்டுத் தொகைக்குத் தந்தையின் இயக்கப்பெயரையும், 2007-இல் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2018-இல் வெளிவந்தது. பாட்டெல்லாம் ஆங்கிலம், தமிழ் பெயரளவில் நிற்கின்றது. அதனைக் குறையென்றே சொல்லல் வேண்டும். ஆயினும், தையற்பொறி முன் குனிந்திருந்த ஒரு தாயின் பெயரை உலகம் முழுதும் ஒலிக்கச் செய்தாரே, அவ்வளவுகூடத் தாய்த்தமிழ்நாட்டில் நடக்கவில்லை.

நடந்திருக்க வேண்டிய இடம் 1938. இராசகோபாலாச்சாரியார் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போரில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஐம்பதைக் கடந்த அகவையில், திருச்சியினின்று சென்னை வரை நடந்த தமிழர் படையோடு நடந்தார். அவ்வாண்டு நவம்பர் 13-இற் சென்னையிற் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ.இராமசாமிக்குப் பெரியார் என்னும் பட்டம் வழங்கியது அம்மாநாடே. மறுநாளே மருத்துவர் தருமாம்பாள் அம்மையார் முதலிய பெண்கள் மறியல் செய்து தளைப்பட்டனர். அப்போரிற் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குட் சென்ற பிள்ளைகள் 32 பேர்.

அம்முப்பத்திரண்டு என்னும் எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாலுக்கு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மொழிக்காகச் சிறைவாயிலில் நுழைந்த தாயர் அவர்கள். ஒரு முட்டைக்காக மன்றமேறிய அபேனியின் கதையைக் கேட்டு வியப்போர், அதற்கு 33 ஆண்டுகட்கு முன் இந்நாட்டுச் சிறையில் அப்பிள்ளைகட்கு என்ன உணவு கொடுத்தனர் என்று கேட்டதுண்டா? இரவில் எங்கே கிடத்தினர்? காய்ச்சல் கண்டபோது யார் பார்த்தனர்? வெளிவந்தபின் அப்பிள்ளைகளைப் பள்ளியில் எப்பெயரிட்டு அழைத்தனர்? அவர்களுள் யார் என்ன ஆயினர்? சிறைப்பட்டு 1939-இல் உயிர் துறந்த நடராசன், தாளமுத்து ஆகியோர் பெயரில் எழும்பூரில் மாளிகை நிற்கின்றது; நன்று. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசுத் திட்டம் உண்டு, அதுவும் நன்று. ஆயின் 73 பேருள் ஐந்தாறு பேரைத் தவிர மற்றையோர் பெயரை எந்த மேடையிலேனும் எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? மொழியைத் தாயென்று பாடுவோர், மொழிக்காகச் சிறை சென்ற தாயரை எண்ணாக மட்டும் வைத்திருக்கின்றனர்.

பொருளில்லை என்று இதற்கு விடை சொல்லல் ஆகாது. ஐந்து பகுதித் தொலைக்காட்சித் தொடருக்குப் பெரும்பொருள் வேண்டும். பெயர்களைத் திரட்ட அது வேண்டா. அக்காலத்துக் குடியரசு, விடுதலை இதழ்கள் சிறை சென்றோர் பெயர்களை அச்சிட்டன. எழும்பூர் ஆவணக் காப்பகம் உள்ளது. இரண்டு ஆண்டு விடுமுறை நாட்களை ஒதுக்கி அமர்ந்தால், கல்லூரித் தமிழ்த்துறை ஒன்று பட்டியலை முடித்துவிடும். ஆண்டுதோறும் பொருளற்ற தலைப்புகளில் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுவோருள் ஒருவரேனும் இதனை எடுத்துக்கொண்டால் என்ன?

பட்டியலுக்குப்பின் வீடுகளைத் தேடிப் போதல் வேண்டும்; அதற்குத்தான் காலம் குறுகியுள்ளது. 1938-இல் இடுப்பிலிருந்த பிள்ளை இன்று உயிரோடிருப்பின் தொண்ணூறை நெருங்கியிருக்கும். 1965-இல் ஊர்வலத்தில் நடந்த மாணவர்க்கே எண்பது ஆகின்றது. அம்மாணவரைத் தேடிக் காவலர் இரவில் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்து நின்ற தாயருட் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட மகளிரும் மருமகளிரும் இருக்கின்றனர். குமாரலிங்கபுரத்து இளைஞன் கையிலுள்ள கைப்பேசியே ஒலியும் படமும் பதியும் கருவி. சொல்லிசை கேட்கும் அதே கருவியைத் தன் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அகவை முதிர்ந்த பெண்டிர் முன் வைத்து, அந்நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று அவன் கேட்கலாம். முதலில் அவர்கள் ஒன்றுமில்லை என்பர். சமைத்துப் போட்டோம், வேறென்ன என்பர். அபேனியின் தமக்கையும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவரே. சற்றுப் பொறுத்திருந்து, யாருக்குச் சமைத்துப் போட்டீர்கள், அவர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டல் வேண்டும்.